ஐந்தாம் பாடம், பாதி

போதகர் கொடுத்த சீஷத்துவப் படிவத்தில் நான்கு கட்டங்கள்.
சீஷரின் பெயர். தொடங்கிய நாள்.
முடித்த பாடங்கள். பிற குறிப்புகள்.
மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது.

பெயர், தெல்கெர்மா.
என்னைவிட மூன்றே மாதம் இளையவள்.
சபைக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை.
உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
கூடாரங்களும் பலகை வேலிகளும் நெருக்கியடிக்கும் சரிவில்
தண்ணீர் விற்கும் கூண்டறை அவளுடையது.
சன்னல் ஒன்று, குழாய் ஒன்று, அடுப்பு ஒன்று.
இருவர் உட்கார்ந்தால் மூன்றாம் ஆள் நிற்கத்தான் வேண்டும்.

செவ்வாய்தோறும் கம்பளி ஆலையின் கணக்கை மூடிவிட்டு
கடைசி நிறுத்தத்திலிருந்து ஏறிப்போவேன்.
கரிப்புகை தொண்டையை அடைக்கும்.
மூக்குக்குள்ளேயே மூச்சு உறையும்.
கோட்டுக்குள், வயிற்றோடு ஒட்டி,
பன்னிரண்டு பாடங்களின் நீலச் சிறுநூல்.

ஞாயிறு அப்படியில்லை.
ஞாயிறன்று நாங்கள் இருநூற்று நாற்பது பேர்.
பழைய சினிமாக் கொட்டகையின் மடக்கு நாற்காலிகளில்
ஒன்றாய் எழுவோம், ஒன்றாய் அமர்வோம்.
அங்கே அழலாம், யாரும் ஏனென்று கேட்பதில்லை.
அழாமலும் இருக்கலாம்.

"ஜெபம் என்றால்" என்று தொடங்குவேன்.
சன்னலில் தட்டுவார்கள்.
எழுந்துபோய்க் குழாயைத் திருப்புவாள்.
"முழங்கால் எப்படி இருக்கு, தம்தின் அண்ணா?"
"குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா?"
நாற்பது லிட்டர் நிரம்பும்வரை
வேதம் காத்திருக்கும், நானும்.
கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து
"ம், ஜெபம் என்றால்?" என்பாள்.

எரிச்சலாகத்தான் இருந்தது.
நாலு மாதத்தில் நாலு பாடம்.
அதே நாலு மாதத்தில் சகோதரி ஒதோன்சிமெக்
மூன்று பேரை முடித்து அனுப்பியிருந்தாள்.

ஐந்தாவது, மன்னிப்பு.
கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லும் பாடம்.
முதல் பத்தியை வாசித்தேன்.
இரண்டாவதையும் வாசித்தேன், தங்குதடையில்லாமல்,
வட்டிக் கணக்கு வாசிப்பதுபோல்.

உப்பிட்ட பால்தேநீரை என்முன் வைத்தாள்.
"ஒன்று கேட்கட்டுமா?
ஞாயிற்றுக்கிழமை பாடும்போது
ஏன் வலப்பக்கச் சுவரையே பார்க்கிறாய்?
இடப்பக்கம் யார் இருக்கிறார்கள்?"

ஆறு வருஷம். ஒரே கூரை.
ஒரே அப்பம், ஒரே கிண்ணம்.
இடப்பக்கம் இரண்டாம் வரிசையில் என் தங்கை ஹொங்கோர்சுல்,
அப்பாவின் மனைப் பத்திரத்தில்
என் கையெழுத்தைத் தன் கையால் போட்டவள்.
இருநூற்று நாற்பது பேரில் ஒருவர்கூட
என் கழுத்து திரும்பாததைக் கண்டதில்லை.

அப்போதும் தட்டினார்கள். யாரோ, இரண்டு கேன்களோடு.
அவள் எழவில்லை.
"கொஞ்சம் பொறுங்க" என்றாள் திரும்பாமலே.
அந்த மேட்டில், அந்தக் குளிரில்,
எனக்காக ஒரு ஆள் வெளியே நின்றது.

பதில் என்று எதுவும் வரவில்லை.
தேநீரில் ஆடை படிந்தது.
மூக்கு ஒழுகியது. குளிர், என்றேன்.
"உள்ளே ஏது குளிர்" என்றாள்.

அன்றே மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான்.
போதகருக்கும் பிடிக்கும்.
நடந்தது இவ்வளவே:
அடுத்த திருவிருந்தில் அப்பத்தட்டு இடப்பக்கமிருந்து வந்தபோது
வாங்கும் சாக்கில் திரும்பினேன்.
தங்கையின் காதோரம் நரைத்திருந்தது.
எந்த வருஷத்து நரையோ.

செவ்வாயன்று தெல்கெர்மா அதைக் கேட்கவில்லை.
உறைந்த ரப்பர் குழாயை அடுப்பருகே இழுக்க
"ஒரு கை பிடி" என்றாள்.
பிடித்தேன்.
சிறுநூல் அலமாரியில் கிடந்தது,
அதன்மேல் அவளுடைய சில்லறை டப்பா.

முடித்த பாடங்கள்: நாலரை.

சீஷரின் பெயர்க் கட்டத்தில்
அவள் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது.
நெருக்கி எழுதினால் என் பெயரும் கொள்ளும்.
பேனாவில் மை இறுகிவிட்டது.
உள்ளங்கைகளுக்கு நடுவே
உருட்டிக்கொண்டிருக்கிறேன்.